செய்யது நெய்னாவின் தராசு

மோல்மேனில் மழை விட்டால் அதுவே செய்தி.
அப்படி விட்ட ஒரு மத்தியானம் வந்தாள்
நர்ஸ் படிக்கும் பெண், தின்ஸா நுவே.
குடையைச் சுவரில் சாய்த்தாள், தாளை விரித்தாள்.
இருபத்திரண்டு கேள்விகள்.
ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று,
எப்போதும் என்றால் ஐந்து.
"இதய நோய் அவருக்குத்தான் அம்மா,
அளக்க வந்தது உங்களை" என்றாள் பர்மியில்.

என்னை இதுவரை
ரவிக்கைக்கு மட்டும்தான் அளந்திருக்கிறார்கள்.

உப்பைக் குறைக்கச் சொல்வீர்களா?
சொல்வேன். ஐந்து போடு.
ஙாப்பி ஜாடியை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன்,
கண்டுபிடித்தார்.
தையல் மெஷினுக்குப் பின்னால் வைத்தேன்,
கண்டுபிடித்தார்.
இப்போது பக்கத்து வீட்டு டோ டின்னிடம் இருக்கிறது.
மூன்று நாளாக அங்கே போய்
அவள் பேரனின் படிப்பை விசாரிக்கிறார்.
தின்ஸா சிரித்தாள்,
நான்கு போட்டாள்.

கால் வீக்கம்?
கட்டைவிரலால் அழுத்தி
குழி நிரம்பும்வரை எண்ணுவேன், தமிழில்.
பதினொன்றில் நிரம்பினால் நல்ல நாள்.
தண்ணீர்?
ஒன்றரை லிட்டர் புட்டி, நகச்சாயத்தால் கோடு.
படகுத்துறையில் முப்பது வருஷம் மூட்டை எண்ணியவர்
இப்போது மிடறு எண்ணுகிறார்,
எண்ணிக்கையில் என்னையே ஏமாற்றுகிறார்.
தலையணை?
இரண்டு.
போன வாசோ மாதம் நான்கு கேட்ட இரவில்
கரண்டும் இல்லை.
மெழுகுவத்தியைக் கிட்டே பிடித்து
சுடர் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

தினமும் எடை பார்ப்பீர்களா?
இங்கே பேனாவை நிறுத்து என்றேன்.

எங்களிடம் மெஷின் கிடையாது.
தெருமுனையில் செய்யது நெய்னாவின் அரிசிக் கடை,
மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசு.
காலை ஆறரைக்கு இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்.
கடன் நோட்டில் நெய்னா எழுதுவார்:
பவ்சான் இரண்டு மூட்டை,
பழநியாண்டி நூற்று முப்பத்தெட்டு பவுண்டு.
இரண்டு பவுண்டு கூடினால்
"மச்சான், ராத்திரி என்னத்தைய்யா குடிச்சே?"
மீன்காரிக்கும் சைக்கா ஓட்டுகிறவனுக்கும் தெரியும்
இவர் உடம்பில் இன்று
எவ்வளவு ஆறு தேங்கி நிற்கிறதென்று.

அந்தத் தராசு பொய் சொல்லும்.
எத்தனை வீசை வாங்கினாலும் இரண்டு கைப்பிடி குறையும்.
நானே தெருவில் நின்று கத்தியிருக்கிறேன்.

ஒருநாள் இவருக்கு முன்னால் போய்விட்டேன்.
நெய்னா முழங்கால் மடக்கி
தட்டின் அடியில் கைவிட்டு
ஓர் ஈயத் துண்டை உருவினார்,
துடைத்துச் சட்டைப்பையில் போட்டார்.
இவர் வந்தார், ஏறினார், இறங்கினார்.
ஈயம் தன் இடத்துக்குப் போயிற்று.

மாறாத பொய்யால் இவர் கணக்கு கெடாது பெண்ணே,
டாக்டருக்கு வேண்டியது
நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்தான்.
நெய்னாவுக்கும் அது தெரியும்.
இருந்தும் தினமும் குனிகிறார்,
அறுபத்தாறு வயசில், மூட்டுவலியோடு.

நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
அன்றைக்கு என் அரிசியில் கைப்பிடி குறையவில்லை.
மறுநாள் குறைந்தது.

பராமரிப்பவர் பெயர் என்ற இடத்தில்
ஒரே ஒரு கோடுதான் இருந்தது.
அங்கே என் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தது.
தின்ஸா ஓரமாக, சின்ன எழுத்தில்,
அரிசிக் கடைக்காரர் என்று எழுதினாள்.
அப்புறம் அது செல்லாது என்று அடித்தாள்.
அப்புறம் அடித்ததற்குக் கீழே
புள்ளி புள்ளியாய் வைத்தாள்.

கடைசிக் கேள்வி.
அவர் உடம்பைப் பேண உங்களால் முடியும் என்று
எவ்வளவு நம்புகிறீர்கள்?

நான்கு, என்றேன்.
எழுதினாள்.

வாசலில் செருப்புச் சத்தம்,
டோ டின் வீட்டுப் பக்கமிருந்து.

பொறு பெண்ணே,
மை இன்னும் காயவில்லையே.